சந்தியாகுவுக்குக் கிடைத்த ராஜா வேஷம்

தோணித்துறை காலனியில் அந்த வருஷத்து நாடகத்துக்கு ஆள் எடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், சமூகக்கூடத்து வாசலில் நீண்டிருந்த வரிசையில், தபால்காரர் வேலாயுதத்துக்குப் பின்னாலும் வலை பின்னுகிற இரட்டைச் சகோதரிகளுக்கு முன்னாலும், போன வருஷம் இறந்துபோன சந்தியாகு நின்றுகொண்டிருந்தார். எப்போதும் ஆள் எடுப்புக்கு வருகிற மாதிரியேதான் வந்திருந்தார், வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பொத்தான் வரை போட்டு, தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. வேலாயுதம் திரும்பிப் பார்த்து, "வந்துட்டீங்களாண்ணே?" என்று கேட்டார், சந்தியாகு தலையை ஆட்டினார், வரிசை ஓரடி முன்னால் நகர்ந்தது.

உயிரோடிருந்த காலத்தில் சந்தியாகு துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். பனையை விட உயரத்தில் இருந்த கண்ணாடிக் கூண்டில் தனியாக உட்கார்ந்து, கப்பலின் வயிற்றிலிருந்து நிலக்கரியை அள்ளி அள்ளிக் கரையில் கொட்டிக்கொண்டே, அந்தந்த வருஷத்து நாடகத்தின் வசனங்களை அவர் முழங்குவார், தனக்கு எந்த வேஷமும் கிடைக்கப்போவதில்லை என்று தெரிந்தும் எல்லா வேஷத்தின் வசனங்களையும் முழங்குவார், பாஷை தெரியாத மாலுமிகள் கப்பல் தளத்தில் நின்று அண்ணாந்து கேட்டுவிட்டுக் கைதட்டுவதும் உண்டு. ஆனால் ஆள் எடுப்பில் வந்து நின்றால் அவர் எதுவாகவும் மாறமாட்டார், சந்தியாகுவாகவே இருப்பார். கொலைகாரனாகக் கத்தியை ஓங்கச் சொன்னால், குத்துப்படப் போகிறவனைப் பார்த்து 'பயப்படாதேயும், சும்மாதான்' என்பது போல அவர் முகம் ஆகிவிடும். பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பனாக அழச் சொன்னால், தான் அழுவதைப் பார்த்து எதிரே இருப்பவர்கள் வருத்தப்படுகிறார்களே என்று சங்கடப்பட்டுச் சிரித்துவிடுவார்.

"சந்தியாகு, நீங்க நல்ல மனுஷன். அதுதான் கோளாறு" என்று ஒவ்வொரு வருஷமும் சுயம்புக்கனி டீச்சர் சொல்வார். சந்தியாகுவும் கோபித்துக்கொள்ளாமல் திரை இழுக்கிற கயிற்றைக் கையில் வாங்கிக்கொள்வார்.

சுயம்புக்கனி டீச்சர் பெண்கள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர், கலங்கரை நாடக மன்றத்துக்கு எழுத்தும் இயக்கமும் அவர்தான், கழுத்தில் எந்நேரமும் ஒரு விசில் தொங்கும். ஆள் எடுப்பில் ஒருவர் நடிக்கத் தொடங்க ஒரு விசில், போதும் என்று நிறுத்த இன்னொரு விசில். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு விசிலுக்கும் நடுவே மூச்சு விடக்கூட நேரம் இருக்காது.

அந்த வருஷத்து நாடகம் முத்துக்கரை ராஜா ஒருவனைப் பற்றியது. கடல் தன் குடிகளின் முத்தையெல்லாம் விழுங்கிவிட்டது என்று கேள்விப்பட்டு, கடலிடமே நியாயம் கேட்கப் படகேறிப் போகிறான், அவன் திரும்பி வருகிறவரை கரையிலேயே நிற்பதாக அவன் ராணி சபதம் செய்து, நின்று நின்று கல்லாகிறாள். ராஜா வேஷம் வேலாயுதத்துக்குத்தான் என்று காலனியே முடிவு செய்திருந்தது, வேலாயுதமும் அதற்காக மீசை வளர்த்திருந்தார்.

சந்தியாகுவின் முறை வந்தது. டீச்சர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ராஜா கடல்கிட்ட பேசுற இடம், சந்தியாகு. ஆரம்பிங்க" என்று விசிலை ஊதினார்.

"கடலே!" என்றார் சந்தியாகு. "உன்னைக் கும்பிட வரவில்லை நான். என் குடிகளின் முத்தை எங்கே ஒளித்தாய்? வாய் திற!"

கூடத்தில் இருந்தவர்கள் ஜன்னல் வழியே கடலைத் திரும்பிப் பார்த்தார்கள், அது என்ன சொல்லப்போகிறதோ என்று. அந்தக் குரலில் சந்தியாகு இல்லை. வேஷத்துக்கும் பார்க்கிறவர்களுக்கும் நடுவே எப்போதும் வந்து நின்றுகொண்டிருந்த அந்த நல்ல மனுஷன் போன வருஷமே போய்விட்டதும், அவர் விட்டுப்போன காலி இடத்தில் ஒரு ராஜா தாராளமாகக் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டதும் டீச்சருக்கு அப்போதுதான் விளங்கியது. இரண்டாவது விசிலை ஊத அவர் மறந்துபோனார், அதனால் சந்தியாகு முழு நாடகத்தின் ராஜா வசனத்தையும் சொல்லி முடித்தார், வெளியே வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து தரையில் உட்கார்ந்து கேட்டார்கள்.

மன்றத்தின் கமிட்டி மறுநாள் கூடியது. இறந்தவர் எப்படி வந்தார் என்று அங்கே யாரும் கேட்கவில்லை, காலனியில் குடியிருப்பவர்களுக்கு மட்டும்தான் வேஷம் என்று விதி இருக்கிறதே, அதற்கு என்ன செய்வது என்பதுதான் பேச்சாக இருந்தது.

"அவரு இப்ப நம்ம காலனிதானா?" என்று செயலாளர் கேட்டார்.

வேலாயுதம் எழுந்து நின்றார். ராஜா வேஷம் கையை விட்டுப் போகிறது என்று அவருக்குத் தெரியும், முந்தின இரவு கண்ணாடி முன்னால் நின்று மீசையைத் தடவிக்கொண்டிருந்ததை அவர் மனைவி ஊரெல்லாம் சொல்லியிருந்தாள், இருந்தாலும் எழுந்து நின்றார். "கல்லறைத் தோட்டம் நம்ம எல்லைக்குள்ளதான இருக்கு? அந்த முக்கு வரைக்கும் நான்தான் தபால் கொண்டு போறேன். அவரு நம்ம காலனிதான்."

மாதா கோயில் சாமியாரிடமும் ஒரு வார்த்தை கேட்டார்கள். "எல்லாரும் உயிர்த்தெழுவோம்னுதான் வாராவாரம் சொல்லுதோம். ஒருத்தர் கொஞ்சம் முந்திக்கிட்டாரு" என்று அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "ஆனா பூசை நேரத்துல ஒத்திகை வைக்காதீங்க." வேலாயுதத்துக்கு அமைச்சர் வேஷம் கொடுத்தார்கள். செத்தவரிடம் தோற்பதில் கேவலம் ஒன்றுமில்லை என்று அவர் மீசையை எடுத்துவிட்டு வந்தார்.

சந்தியாகுவின் மனைவி அமலோற்பவத்துக்கு இந்தச் செய்தி பேக்கரியில் வைத்துக் கிடைத்தது. கடைத்தெருவில் இருந்த அந்த பேக்கரியில் மக்ரூன் போடுகிற வேலை அவளுக்கு, முட்டை வெள்ளையை நுரை வந்து மலை போல நிற்கும்வரை அடித்து, அதில் சீனியும் முந்திரித் தூளும் சேர்த்து, கூம்பு கூம்பாகப் பிழிந்துவைப்பாள். பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து, "எக்கா, அண்ணாச்சி வந்திருக்காக, ராசா வேஷம் கெடைச்சிருச்சு" என்று சொன்னபோது, அவள் அடிப்பதை நிறுத்தவில்லை. அன்றைக்கு நுரை எழும்பவே இல்லை என்று மட்டும் பேக்கரிக்காரர் சொன்னார்.

ஏன் எழும்பும்? கல்யாணமாகிப் பிள்ளையில்லாமல், அவருக்கு அவளும் அவளுக்கு அவருமாகக் குடித்தனம் செய்த வீடு அது. அவர் போன பிறகு கதவைத் தாழ்ப்பாள் போடாமல் படுத்திருக்கிறாள், விளக்கை அணைக்காமல் படுத்திருக்கிறாள், ஒரு நாள் கனவில்கூட அவர் வரவில்லை. இப்போது வந்தவரும் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. சாயங்காலம் டீச்சரின் முதல் விசிலுக்குக் கூடத்து மேற்குக் கதவு வழியாக வருவார், கடைசி விசிலுக்கு அதே கதவு வழியாகப் போவார், நாலு வீடு தள்ளி அவர் சொந்தக் கையால் பச்சை வர்ணம் பூசிய வாசல் இருந்தது, அதை ஏறிட்டும் பார்க்கமாட்டார்.

அவளுக்கு இன்னொரு சங்கடமும் இருந்தது. மைக் செட் வைத்திருக்கும் கஸ்பார் அந்த மழைக்காலத்தில் அவளிடம் ஒன்று கேட்டிருந்தார். கஸ்பார் கல்யாணம் செய்துகொள்ளாமலே நாற்பத்தைந்தைத் தாண்டியவர், கோயில் திருவிழா, கல்யாணம், சாவு, நாடகம் எல்லாவற்றுக்கும் அவர்தான் ஒலிபெருக்கி கட்டுவார், அவ்வளவு சத்தத்துக்குச் சொந்தக்காரர் பேசுவது மட்டும் பக்கத்தில் இருப்பவருக்கே பாதிதான் கேட்கும். மழைக்கு பேக்கரி வாசலில் ஒதுங்கி நின்றவர், "உங்களுக்குச் சம்மதம்னா, நாம ஒரே வீட்டுல இருக்கலாமான்னு..." என்று இழுத்து, மீதியை மழையிடம் விட்டுவிட்டார். "ஆண்டுப் பூசை முடியட்டும், சொல்லுதேன்" என்று அவள் சொல்லியிருந்தாள். சந்தியாகு இறந்து ஒரு வருஷம் நிறைந்ததற்கான அந்தப் பூசை புதன்கிழமை முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை சந்தியாகு வரிசையில் வந்து நின்றார்.

காலனிக்கு அவர் சீக்கிரமே பழகிப்போனார். முகத்துக்குப் பவுடர் போடுகிற பெண், அவர் முகத்தில் பவுடர் ஒட்டுவதில்லை, நல்லெண்ணெய் தடவிப் போட்டால் ஒட்டுகிறது என்று கண்டுபிடித்தாள். இடைவேளையில் எல்லாருக்கும் ஊற்றுகிற டீயை அவருக்கும் ஊற்றினார்கள், அவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பார், குடிக்கமாட்டார், ஆறிப்போனதை வேலாயுதம் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுப்பார். நாடக வசனத்தைத் தவிர வேறெதையும் அவர் பேசுவதில்லை என்பதும் தெரிந்துபோனது. சாப்பிட்டாச்சா என்று கேட்டால், "அரண்மனையில் அனைவரும் நலமா?" என்பார், அது முதல் காட்சியில் வருகிற வசனம். அந்த வசனங்களிலேயே காலனிக்கு வேண்டியது கிடைத்தது. கடலுக்குப் போய்த் திரும்பாத மகனுக்காகப் பல வருஷம் அழுத ஒருத்தி கூடத்துக்கு வந்து, "எம்மவனைப் பார்த்தீயளா?" என்று கேட்டபோது, அவர் இரண்டாம் காட்சி வசனத்தைச் சொன்னார்: "அலைக்கு அப்பாலும் என் குடிகள் உண்டு, அவர்களுக்கும் நான் காவல்." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அன்றைக்கு மீன் குழம்பு வைத்தாள் என்று சொன்னார்கள். மறுநாள் கூடத்து வாசலில் கூட்டம் கூடிவிட்டது. டீச்சர் விசிலை ஊதி எல்லாரையும் கலைத்தார். "ஒத்திகைக்கு வந்த மனுஷன்கிட்ட குறி கேக்காதீங்க!"

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ராணி வேஷத்துக்குத்தான் ஆள் வரவில்லை. டீச்சர் இரண்டு தடவை ஆள் எடுப்பு வைத்தும் ஒரு பெண்கூட வரிசையில் நிற்கவில்லை. பயமா என்று கேட்டார், பயமெல்லாம் இல்லை என்றார்கள். அமலோற்பவம் உயிரோடு இருக்கும்போது அவள் புருஷனுக்குப் பக்கத்தில் பெண்டாட்டியாகப் போய் நிற்பது மரியாதையில்லையாம்.

டீச்சர் பேக்கரிக்குப் போனார்.

"ராணி வேஷத்துக்கு ஆளில்ல, அமலோற்பவம்."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

"நீ வரணும்."

"நல்லாருக்கு டீச்சர். கல்யாணம் கட்டுன நாள்லேர்ந்து அந்த மனுஷன் சோத்துத் தட்டுக்கு முன்னால உக்காந்து ராசா மாதிரி பேசுனதைக் கேட்டுக் கேட்டு என் காது புளிச்சுக் கெடக்கு. நாடகத்துக்கும் எனக்கும் ஆகாது."

"அப்ப உனக்கு வசனம் சீக்கிரம் வந்துரும்."

அமலோற்பவம் அடித்துக்கொண்டிருந்த சட்டியைக் கீழே வைத்தாள். "ஒண்ணு கேக்கேன், சொல்லுங்க. நான் கதவைத் தெறந்து வச்சுப் படுத்தேன், வரல. செபமாலை சொன்னேன், வரல. சண்டை போட்டுப் பார்த்தேன், செவுத்துகிட்ட நின்னு வாய்க்கு வந்தபடி ஏசிப் பார்த்தேன், வரல. நீங்க ஒரு விசில் ஊதுனா வாராக. அது எப்படி டீச்சர்?"

டீச்சர் கழுத்து விசிலைக் கையால் மூடிக்கொண்டார், அதுதான் குற்றம் செய்தது போல. "எனக்குத் தெரியல. நீயே வந்து அவர்கிட்ட கேளு."

"அவுகதான் வசனத்தைத் தவிர வேற பேசமாட்டாகளாமே."

"அதனாலதான் வசனம் இருக்குற வேஷத்துக்குக் கூப்பிடுதேன்."

அவள் சட்டியை எடுத்து மறுபடி அடித்தாள். டீச்சர் திரும்பிப் போனார். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள், டீச்சரின் சலுகை தனக்கு வேண்டாம் என்று, ஆள் எடுப்பே இல்லாத நாளில் கூடத்து வாசலில் ஒற்றை ஆளாக வரிசை நின்றாள், விசில் ஊதியதும் உள்ளே போய் ராணியின் வசனத்தை ஏசுகிற தொனியில் சொன்னாள். அது நன்றாகவே இருந்தது.

சந்தியாகு அவளைப் பார்த்தார், ராஜா ராணியைப் பார்க்கிற பார்வை, அவ்வளவுதான். "தேவி, உன் கண்ணில் என்ன கலக்கம்?" என்றார். அவளுக்கு அந்த இடத்திலேயே அவர் சட்டையைப் பிடித்து உலுக்கவேண்டும் போல இருந்தது. "கலக்கம் ஒன்றுமில்லை மன்னா" என்று எழுதியிருந்தபடி சொன்னாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

நாளாக ஆக அவள் தந்திரம் கற்றுக்கொண்டாள். காட்சிக்கும் காட்சிக்கும் நடுவே அவர் பக்கத்தில் நின்று வீட்டு விஷயங்களை மெல்லக் கேட்பாள், அவர் ஏதாவது ஒரு வசனம் சொல்வார், அதில் பதில் இருக்கிறதா என்று தேடுவாள். "அடுக்களை ஒழுகுது, யாரைக் கூப்பிட?" என்று கேட்டதற்கு, "அமைச்சரை அழையுங்கள்" என்றார். பக்கத்தில் நின்ற வேலாயுதம் மறுநாளே ஏணியோடு வந்து கூரை ஓடுகளை மாற்றிக் கொடுத்தார். "கஸ்பார் என்கிட்ட ஒண்ணு கேட்டிருக்காரு. உங்களுக்குத் தெரியுமா?" என்று ஒரு நாள் கேட்டேவிட்டாள். "காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்" என்றார் சந்தியாகு, அது படகோட்டிக்குச் சொல்கிற வசனம். சரி என்கிறாரா, வேண்டாம் என்கிறாரா, சும்மா வசனம் சொல்கிறாரா என்று அவளுக்குப் பிடிபடவில்லை, வீட்டுக்குப் போய் வாசலில் நின்று காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று உண்மையாகவே பார்த்தாள், அது எல்லாப் பக்கமும் வீசியது.

கடைசிக் காட்சிதான் அவளைப் படுத்தியது. படகேறப்போகிற ராஜாவிடம் ராணி சொல்லவேண்டும்: "நீர் வரும்வரை இக்கரை விட்டு அகலேன். கண்ணிமைக்காமல் நிற்பேன், கல்லானாலும் நிற்பேன்." ராஜா சொல்வார்: "நில் தேவி. நீ நிற்கும் இடமே என் திசை." ஒவ்வொரு ஒத்திகையிலும் அதைச் சொன்னாள், ஒவ்வொரு தடவையும் கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பெண்டாட்டி என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று காலனி பேசியது, மீன் வாங்கப் போனால் மீன்காரி அவளை ராணியம்மா என்று கூப்பிட்டு ஒரு மீன் கூடுதலாகப் போட்டாள். நாடகத்தில் சொல்லும் சபதமும் அவள் கஸ்பாருக்குச் சொல்லவேண்டிய பதிலும் ஒன்றுதான் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள், அவளிடம் யாரும் கேட்கவில்லை. அவளுக்கோ அந்த வசனத்தைச் சொல்லிச் சொல்லி, காலையில் எழுந்தால் முழங்கால் மடங்கவில்லை, பேக்கரியில் வேலை நடுவே அப்படியே அசையாமல் நின்றுவிடுவாள், யாராவது தொட்டுக் கூப்பிடவேண்டியிருந்தது.

கஸ்பாரும் தனக்குப் பதில் கிடைத்துவிட்டதாகவே நினைத்தார். நாடகத்துக்குச் சட்டை மைக் கட்டிவிடுகிற வேலை அவருடையது. ஒத்திகையில் சந்தியாகுவின் கழுத்துப் பட்டையில் மைக்கைக் குத்தும்போது, அந்தக் கழுத்தின் குளிர் விரலில் பட, "தப்பா எடுத்துக்காதீங்கண்ணே" என்று பாதிக் குரலில் சொன்னார். அதற்குப் பொருத்தமான வசனம் நாடகத்தில் இல்லை போல, சந்தியாகு அவரையே பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்.

நாடகம் காலனியின் ஆண்டு விழா அன்று, கூடத்துக்குப் பக்கத்தில் கடலைப் பார்த்த மைதானத்தில், வெயில் தாழ்ந்ததும் தொடங்கியது. அக்கம்பக்கத்துக் குடியிருப்புகளிலிருந்தெல்லாம் ஜனங்கள் பாயும் பிள்ளைகளுமாக வந்திருந்தார்கள், செத்தவர் நடிக்கிறார் என்று கேள்விப்பட்டு வந்தவர்கள் முதல் காட்சி முடிவதற்குள் அதை மறந்துவிட்டு ராஜாவைப் பார்த்தார்கள். அவர் கடலைப் பார்த்து "வாய் திற!" என்றபோது நிஜக் கடலில் அலை கொஞ்சம் அடங்கினது மாதிரி இருந்தது என்று சிலர் இன்றைக்கும் சொல்கிறார்கள், அது சும்மா காற்று விழுந்ததுதான் என்று வேலாயுதம் சொல்வார்.

கடைசிக் காட்சி வந்தது. இரட்டைச் சகோதரிகள் நீலத் துணியை இரண்டு பக்கமும் பிடித்து அலை ஆட்டினார்கள். பலகைப் படகு தயாராக நின்றது. மேடையோரத்து மேசையில் கஸ்பார் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தார்.

"தேவி, விடை கொடு" என்றார் ராஜா.

அமலோற்பவம் வாயைத் திறந்தாள். நீர் வரும்வரை என்று தொடங்கவேண்டும். மைதானம் முழுவதும் முந்தானையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தது.

"நிக்க மாட்டேன்" என்றாள் அவள்.

பக்கவாட்டில் நின்ற டீச்சர், அவள் மறந்துவிட்டாள் என்று நினைத்து, "நீர் வரும்வரை, நீர் வரும்வரை" என்று எடுத்துக் கொடுத்தார்.

"எனக்குத் தெரியும் டீச்சர்" என்றாள் அவள் அந்தப் பக்கம் திரும்பி, மைக்கில் எல்லாருக்கும் கேட்க. பிறகு ராஜாவைப் பார்த்தாள். "என்னால நின்னுக்கிட்டே இருக்க முடியாதுங்க. காலு வலிக்குது."

ராஜாவிடம் அதற்கு வசனம் இல்லை. நீலத் துணி ஆடுவது நின்றது. நெடுநேரம் அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார், பார்க்கப் பார்க்க அவர் தோள் கொஞ்சம் தாழ்ந்தது, கழுத்து கொஞ்சம் முன்னால் வந்தது, சங்கடம் ஒன்று மெல்ல அந்த முகத்தில் ஏறியது. கிரீடத்தைக் கழற்றினார். படகின் விளிம்பில் உட்கார்ந்து, பக்கத்து இடத்தைக் கையால் தட்டினார்.

"காலு வலிச்சா உக்காரு, புள்ள" என்றார். "உன்னை யாரு நிக்கச் சொன்னா?"

அவள் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் பேசத் தொடங்கினாள், அவள் முதல் வார்த்தையைச் சொல்வதற்குள், மேடையோரத்து மேசையில் கஸ்பார் இரண்டு பேருடைய மைக்கின் குமிழ்களையும் கீழே இறக்கினார்.

சத்தம் நின்றது. அந்த மைதானத்தில் மைக் போனால் ஜனங்கள் சும்மா இருந்ததில்லை, விசிலடிப்பார்கள், மைக் மைக் என்று கத்துவார்கள், அன்றைக்கு ஒருவரும் கத்தவில்லை. முன்வரிசையில் ஒரு குழந்தை, "கேக்கலையே" என்றது, அதன் அம்மா மெல்ல அதன் வாயைப் பொத்தினாள். காலனி முழுவதும் உட்கார்ந்து, தங்களுக்குக் கேட்காத ஒரு பேச்சைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் நிறையப் பேசினாள். கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள், ஒரு இடத்தில் அவர் தொடையில் அடித்தாள், ஒரு இடத்தில் அழுதாள், அவர் பிடரியைச் சொறிந்துகொண்டு ஏதோ சொல்ல, அழுகை நடுவிலேயே சிரித்தாள். ஒரு தடவை அவர் திரும்பி மைக் மேசைப் பக்கம் பார்த்தார். கஸ்பார் தலையைக் குனிந்து, இறக்கிவிட்ட குமிழ்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு சந்தியாகு எழுந்தார். கிரீடத்தைக் கோணலாக வைத்துக்கொண்டு, பார்வையாளர்களைப் பார்த்து, இத்தனை நேரம் காக்கவைத்துவிட்டேனே என்பது போலச் சிரித்தார், ராஜாவின் கடைசி வசனத்தைச் சொல்லாமலே கையைக் கூப்பினார். பலகைப் படகில் அவர் ஏறவில்லை. நீலத் துணியை ஒரு சகோதரி உயர்த்திப் பிடிக்க, அதற்கடியில் குனிந்து மேடையிலிருந்து இறங்கி, மணலில் நடந்து, நிஜக் கடலின் பக்கம் போனார். திரையை யாரும் இழுக்கவில்லை. அமலோற்பவம் மேடையில் உட்கார்ந்தபடியே, காலை நீட்டிக்கொண்டு, அவர் போவதைப் பார்த்தாள். அவர் ஒரு தடவை திரும்பி, உட்கார் உட்கார் என்பது போலக் கையைக் காட்டிவிட்டுப் போனார்.

சுயம்புக்கனி டீச்சர் வாயில் விசிலை வைத்துக்கொண்டே அழுதார், அதனால் அவர் விட்ட ஒவ்வொரு மூச்சும் கீச் கீச்சென்று கேட்டது. "கடைசிக் காட்சில கெடுத்துட்டாரு" என்று வேலாயுதத்திடம் விம்மினார். "இவ்வளவு நாள் ராசாவா இருந்துட்டு, மறுபடி சந்தியாகுவாயிட்டாரு." "ஆமா டீச்சர்" என்று வேலாயுதம் தன் அமைச்சர் தலைப்பாகையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அவள் என்ன பேசினாள், அவர் என்ன சொன்னார் என்பதுதான் அதற்குப் பிறகு காலனியின் கேள்வியாக இருந்தது. படகுக்குப் பக்கத்தில் துணி பிடித்து நின்ற சகோதரிகளைக் கேட்டார்கள். அவர்கள் அலைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்றார்கள், ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல். கஸ்பாருக்குத் தெரிந்திருக்கும், மைக்கை இறக்கினாலும் ஹெட்போனில் கேட்டிருக்கும் என்று அவரைச் சுற்றிக்கொண்டார்கள். குமிழை இறக்கியதுமே ஹெட்போனையும் கழற்றி மேசையில் வைத்துவிட்டதாக அவர் சொன்னார், நாலு பேர் அதைப் பார்த்ததாகவும் சொன்னார்கள்.

மறுநாள் காலையில் கஸ்பார் தனியாக மேடையில் குந்தி வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். மணலெல்லாம் காகிதமும் கடலைத் தோலுமாகக் கிடந்தது, கடல் சாதாரணமாக இருந்தது. அமலோற்பவம் ஒரு தூக்குச்சட்டியில் இடியாப்பமும் சொதியும் கொண்டுவந்து மேடை விளிம்பில் வைத்தாள்.

"சாப்பிடுங்க."

"வயரைச் சுத்திட்டுச் சாப்பிடுதேன்."

அவள் போகவில்லை. வயரின் மறுமுனை சிக்கலாகக் கிடந்தது, அதை எடுத்துப் பிரிக்கத் தொடங்கினாள்.

"நேத்து அவுக என்ன சொன்னாகன்னு ஊரே என்கிட்ட கேக்குது" என்றாள். "டீச்சர் கேட்டாச்சு, சாமியார் கேட்டாச்சு, மீன்காரி ரெண்டு தடவை கேட்டாச்சு. நீங்க மட்டும் கேக்கல."

கஸ்பார் வயரைச் சுற்றுவதை நிறுத்தினார். "சொன்னா கேட்டுக்கிடுவேன்."

"சொல்ல மாட்டேன்."

"சரி" என்றார் கஸ்பார், பக்கத்தில் இருப்பவருக்கே பாதி கேட்கிற அந்தக் குரலில், மறுபடி வயரைச் சுற்றினார்.

ஈஸ்டர் கழிந்த வாரத்தில் அவர்களுக்குக் கல்யாணம் நடந்தது. எத்தனை பேர் எப்படியெப்படிக் கேட்டும், சந்தியாகு என்ன சொல்லிவிட்டுப் போனார் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. கஸ்பாரை எதற்காகக் கட்டிக்கொண்டாய் என்று கேட்டவர்களுக்கு மட்டும் மறைக்காமல் பதில் சொன்னாள், அந்த 'சரி'க்காகத்தான் என்று.